ராமநாதபுரம் கரையில் சின்ன மீன் கடைக்கு வருகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தொண்டி, தேவிபட்டினம், மண்டபம், பாம்பன், கீழக்கரை, ஏர்வாடி, மூக்கையூர் என்று இந்தக் கரையில் எந்த ஊருக்குப் போனாலும் பல வருடமாக ஒரே இடத்தில் நடக்கும் மீன் கடை ஒன்றாவது இருக்கும். தகரக் கொட்டகை, சிமெண்டு மேடை, ஒரு தராசு, ஒரு அரிவாள்மனை, இரண்டு ஐஸ் பெட்டி. பெயர்ப்பலகையும் இருக்காது, விலைப்பட்டியலும் இருக்காது. இந்தக் கடைகளில் கிடைப்பது போன்ற மீன் உள்நாட்டு நகரங்களின் கண்ணாடிப் பெட்டிக் கடைகளில் கிடைப்பது அரிது. ஆனால் முதல்முறை வருகிறவர்கள் தயங்கி நின்றுவிட்டுத் திரும்பிப் போகிறார்கள். திரும்பத் திரும்பக் காதில் விழும் சந்தேகங்களுக்கான பதில்கள் இவை.

எத்தனை மணிக்கு வந்தா நல்ல மீன் கிடைக்கும்?

காலை ஆறரையிலிருந்து ஒன்பதுக்குள் வாருங்கள். கரையில் ஏலம் முடிந்து, கடைக்காரர் கூடையைக் கொண்டுவந்து மேடையில் கொட்டுகிற நேரம் அது. பத்து மணிக்கு மேல் நல்ல மீன் உணவகங்களுக்கும் வழக்கமான வீடுகளுக்கும் போயிருக்கும். கரையோரம் மட்டும் போய்வரும் வத்தை, வள்ளங்களின் மீன் சில ஊர்களில் மாலை நான்கு மணிவாக்கில் இன்னொரு முறை வரும். அளவு குறைவு, ஆனால் அன்றைக்கே பிடித்தது.

கீழக்கரை, ஏர்வாடி, தொண்டிப் பக்கம் வெள்ளிக்கிழமை நண்பகலில் தொழுகைக்காகப் பல கடைகளை மூடிவிடுவார்கள். அன்றைக்குக் காலையிலேயே வேலையை முடித்துக்கொள்ளுங்கள்.

எந்தக் கிழமை வரணும்? போன தடவை வந்தப்ப பெரிய மீனே இல்லையே.

ராமேஸ்வரத்தில் விசைப்படகுகள் திங்கள், புதன், சனி ஆகிய மூன்று நாட்கள் கடலுக்குப் போகும். மற்ற நாட்கள் நாட்டுப்படகுகளுக்கு. விசைப்படகு போன மறுநாள் காலை, அதாவது செவ்வாய், வியாழன், ஞாயிறு, இறாலும் நண்டும் கணவாயும் நிறைய வந்து இறங்கும். மற்ற நாட்களில் மேடையில் இருப்பது பெரும்பாலும் நாட்டுப்படகு மீன்: அளவில் குறைவு, வகையில் வேறு, புதுமையில் ஒரு படி மேல். வலையிலிருந்து கரைக்கு வரும் நேரம் அதற்குக் குறைவு.

காற்றையும் கணக்கில் வையுங்கள். ராமேஸ்வரம் தீவுக்கு வடக்கே இருக்கும் பாக் விரிகுடாவை இங்கே வடகடல் என்பார்கள், தெற்கே இருக்கும் மன்னார் வளைகுடா தென்கடல். ஐப்பசி முதல் மார்கழி வரை வாடைக்காற்றில் வடகடல் கொந்தளிக்கும், தென்கடல் சற்று அடங்கியிருக்கும். வைகாசி முதல் ஆவணி வரை நிலைமை தலைகீழ். ஒரு கரையில் மீன் இல்லையென்றால் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் தள்ளி இன்னொரு கரையில் இருக்கக்கூடும். கடைக்காரரிடமே கேட்டால் சொல்லிவிடுவார்.

விலைப்பட்டியல் இல்லை, என்ன மீன்னும் தெரியலை. எப்படிப் பேச்சைத் தொடங்குறது?

“வஞ்சிரம் இருக்கா?” என்று தொடங்காதீர்கள். “அண்ணே, இன்னைக்கு என்ன வந்திருக்கு?” என்று கேளுங்கள். கடைக்காரர் பெண் என்றால் அக்கா, வயதானவர் என்றால் ஆத்தா. கீழக்கரைப் பக்கம் முஸ்லிம் கடைக்காரரைக் காக்கா என்று கூப்பிடுவது வழக்கம். அடுத்ததாக என்ன சமைக்கப் போகிறீர்கள், எத்தனை பேர் என்று சொல்லுங்கள். குழம்புக்கா, பொரிக்கவா, குழந்தைக்கு முள் இல்லாமல் வேண்டுமா என்று தெரிந்தால் கடைக்காரரே பொருத்தமானதை எடுத்து வைப்பார். ஒரு பெயரை மட்டும் பிடித்துக்கொண்டு வருகிறவருக்கு நேற்றைய வஞ்சிரம் கிடைக்கும். வந்ததைக் கேட்கிறவருக்கு இன்றைய விளைமீன் கிடைக்கும். இந்தப் பதில்களில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதென்றால் இதை வையுங்கள்.

குழம்புக்கு விளைமீன், பாறை, சங்கரா, சாளை. பொரிக்க கிழங்கான், நகரை, ஊளி, பெரிய மீனில் வெட்டிய துண்டுகள். ரசம் போலத் தண்ணீராக வைக்கக் காரல். புட்டுக்குச் சுறா. பூண்டு நிறையப் போட்டுக் குழம்பு வைக்கத் திருக்கை. “எந்தக் கடல் மீன்?” என்றும் கேட்கலாம். தென்கடலில் பவளப்பாறைகள் உண்டு, அதனால் விளைமீனும் கலவாயும் அங்கிருந்து நன்றாக வரும். வடகடல் ஆழம் குறைந்தது, சேறு நிறைந்தது. இறால், நண்டு, காரலுக்கு அது பெயர்போனது.

கூறுன்னா என்ன? கிலோ கணக்கில தரமாட்டாங்களா?

சிறு மீன்களைக் கைப்பிடி கைப்பிடியாகக் குவித்து, குவியலுக்கு ஒரு விலை சொல்வதுதான் கூறு. சாளை, சூடை, காரல், நெத்திலி, கலந்த பொடிமீன் எல்லாம் இப்படித்தான் போகும். பெரிய மீன், இறால், நண்டு, கணவாய் தராசில் ஏறும்.

கூறில் கவனிக்க வேண்டியது அடிப்பக்கம். மேலே நல்ல மீனை அடுக்கி, உடைந்ததைக் கீழே வைப்பது எல்லா ஊரிலும் உண்டு. “அக்கா, கொஞ்சம் கலைச்சுப் போடுங்க” என்று கேட்டால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை. நீங்களாகக் கைவிட்டுக் கிளறினால் கோபம் வரும், அது நியாயமும்கூட. பத்துப் பேர் அழுத்திப் பார்த்த மீன் பதினோராவது ஆளுக்கு விற்காது.

பேரம் பேசலாமா?

கூறுக்குப் பேசலாம். விலை குறைப்பதைவிட, அதே விலைக்கு இரண்டு மீன் கூடப் போடச் சொல்வது இங்கே எளிதில் நடக்கும். ஏலத்தில் எடுத்த பெரிய மீனில் கடைக்காரருக்கு மிஞ்சுவது குறைவு, அதனால் அதில் அதிகம் இறங்கமாட்டார். புரட்டாசியில் பலர் அசைவம் தவிர்ப்பதால் விலை தானாகவே இறங்கும். கார்த்திகை மாலை போடும் நாட்களிலும் அப்படித்தான். ஞாயிறும் பண்டிகையும் வந்தால் ஏறும்.

புது மீன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? செவுள் செவப்பா இருந்தா போதுமா?

போதாது. செவுள் ஓர் அடையாளம்தான். ஐஸ் தண்ணீரில் கிடந்தால் நல்ல மீனின் செவுளும் வெளுக்கும். இந்த வரிசையில் பாருங்கள். முதலில் கண்: புடைத்து, கருவிழி கறுத்து, தெளிவாக இருக்க வேண்டும், குழிந்து பால்போல் மங்கியிருந்தால் நாளாகிவிட்டது. அடுத்து உடல்: தலையைப் பிடித்துத் தூக்கச் சொல்லுங்கள், விறைத்து நின்றால் பிடித்துச் சில மணி நேரம்தான், துவண்டு தொங்கினால் நேரம் கடந்தது. பிறகு வயிறு: கெட்டியாக இருக்க வேண்டும், சாளை, கானாங்கெளுத்தி போன்றவற்றில் முதலில் கெடுவது வயிறுதான், அங்கே வெடிப்பு இருந்தால் வேண்டாம். கடைசியாக வாடை: புது மீனில் கடல்பாசி வாடை வரும், புளித்த வாடை வராது.

இறாலில் தலை உடம்போடு இறுகியிருக்க வேண்டும். தலை கறுத்திருந்தால் அழுகிவிட்டது என்று அர்த்தமில்லை, ஐஸ் தாமதமாகப் போட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். தலை ஆடி, மணமும் மாறியிருந்தால் விட்டுவிடுங்கள். எல்லா இறாலும் அச்சில் வார்த்தது போல ஒரே அளவில் இருந்தால் அது பெரும்பாலும் பண்ணையில் வளர்த்தது. கடல் இறால் பெருசும் சிறுசுமாகக் கலந்துதான் வரும். பண்ணை இறால் கெட்டதல்ல, ஆனால் கடல் இறால் விலை கொடுத்து அதை வாங்க வேண்டாம்.

வஞ்சிரம் கேட்டா ஒருத்தர் சீலாங்கிறார், ஒருத்தர் நெய்மீன்கிறார். ஏமாத்துறாங்களா?

இல்லை. தூத்துக்குடிப் பக்கம் சீலா என்றாலே வஞ்சிரம்தான். சென்னையில் சீலா என்பது ஊளி, நீண்ட தாடையும் கூர்ப்பல்லும் கொண்டது. தெற்கே போகப் போக வஞ்சிரத்துக்கு நெய்மீன் என்ற பெயர். அதனால் பெயரை விட்டுவிட்டு, வெட்டாத முழு மீனைக் காட்டச் சொல்லுங்கள். தலை வெட்டிய துண்டுகளில் ஒன்றுக்கு இன்னொன்றைக் கொடுத்தால் பழகாத கண்ணுக்குத் தெரியாது.

எடை போட்டப்ப ஒரு கிலோ, வீட்டுல பாத்தா முக்கால் கிலோதான். தராசு சரியில்லையா?

தராசில் பிழை இருக்க வேண்டியதில்லை. முழு மீனை எடைபோட்டு விலை சொல்வதுதான் வழக்கம், அதன் பிறகுதான் வெட்டு. தலையும் குடலும் செதிலும் போனால் பெரிய மீனில் கால் பங்கு குறையும். காரல் போன்ற தட்டை மீனில் ஏறத்தாழப் பாதி. இறாலில் தலையும் தோலும் போனால் பாதிதான் மிஞ்சும். நண்டில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சதையை எதிர்பார்க்காதீர்கள்.

இதை வைத்தே அளவைக் கணக்கிடலாம். குழம்புக்கு ஆளுக்கு 250 முதல் 300 கிராம் முழு மீன், நண்டு என்றால் மூன்று பேருக்கு ஒரு கிலோ. தராசில் தட்டோ கூடையோ வைத்திருந்தால் அதை வைத்த பிறகு எண் சுழியத்தில் நிற்கிறதா என்று பாருங்கள். மீனில் ஒட்டிய ஐஸையும் உதறச் சொல்லுங்கள்.

வெட்டித் தரச் சொல்லும்போது என்ன சொல்லணும்?

கத்தி இறங்குவதற்கு முன்னால் சொல்ல வேண்டும். பொரிக்க என்றால் துண்டு விரல் கனத்துக்கு, சுமார் ஒன்றரை சென்டிமீட்டர். குழம்புக்கு இரண்டு முதல் இரண்டரை. குழம்புத் துண்டை மெலிதாக வெட்டினால் கொதியில் உடைந்து கரையும். தலை வேண்டுமா, சினை இருந்தால் எடுத்து வைக்க வேண்டுமா என்பதையும் முதலிலேயே சொல்லுங்கள். சொல்லாவிட்டால் குடலோடு போய்விடும்.

வெட்டுக்கூலி தனி. மீன் விற்கிறவரும் வெட்டுகிறவரும் பல இடங்களில் வேறு வேறு ஆட்கள், அதனால் சில்லறை வைத்திருங்கள். மூன்று விஷயங்களை அங்கேயே சரிபாருங்கள். பித்தப்பை உடைந்து பச்சைக் கறை பட்டிருந்தால் அந்த இடத்தைச் செதுக்கச் சொல்லுங்கள், கழுவினால் கசப்பு முழுதும் போகாது. வயிற்றின் உள்ளே கறுப்புச் சவ்வு இருந்தால் சுரண்டச் சொல்லுங்கள், குழம்பு கசப்பதற்கு அதுவும் காரணம். முதுகெலும்பை ஒட்டி உறைந்த ரத்தம் இருந்தால் விரலால் வழித்துவிடுங்கள், கவுச்சி அதிகம் வருவது அதிலிருந்துதான்.

பை தருவாங்களா? ஜிபே எடுத்துக்குவாங்களா?

பாத்திரம் கொண்டு வாருங்கள். மூடி போட்ட எவர்சில்வர் தூக்கோ, பிளாஸ்டிக் வாளியோ போதும். ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப்போடும் பிளாஸ்டிக் பைகளுக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை இருக்கிறது. ஜிபே பல கடைகளில் உண்டு, ஆனால் கரையோரத்தில் சிக்னல் எல்லா நேரமும் கிடைப்பதில்லை, ரொக்கம் வைத்திருங்கள். தரை எப்போதும் ஈரம், ரப்பர் செருப்பு நல்லது.

நண்டு வாங்கினா உள்ள தண்ணிதான் இருக்கு. பௌர்ணமிக்கு வாங்கக் கூடாதுன்னு சொல்றது உண்மையா?

அமாவாசை நண்டில் சதை அதிகம், பௌர்ணமி நண்டு காலி என்பது இந்தக் கரையில் எல்லோரும் சொல்வது. ஆனால் கையில் இருக்கும் நண்டு நிறைவா காலியா என்பதைத் தீர்மானிப்பது அது எப்போது ஓடு கழற்றியது என்பதுதான். புது ஓட்டுக்குள் சதை இன்னும் வளராமல் தண்ணீர் நிரம்பியிருக்கும். கண்டுபிடிக்க இரண்டு வழி: ஒரே அளவுள்ள இரண்டு நண்டைக் கையில் எடுத்துப் பாருங்கள், கனமானது நல்லது. அடுத்து வயிற்றுப்பக்க ஓட்டை விரலால் அழுத்துங்கள். அமுங்கினால் புது ஓடு, வேண்டாம். ஓடு பளபளவென்று கீறலே இல்லாமல் இருந்தாலும் சந்தேகப்படுங்கள்.

இங்கே அதிகம் கிடைப்பது நீல நண்டு. அடிப்பக்கத்தில் இருக்கும் மடல் குறுகிக் கூராக இருந்தால் ஆண், அகன்று இருந்தால் பெண். அந்த மடலுக்கு வெளியே மஞ்சளாகவோ கறுப்பாகவோ பஞ்சு போல முட்டை தொங்கும் நண்டை வாங்காதீர்கள். ஒரு நண்டில் லட்சக்கணக்கான முட்டைகள் இருக்கும். கேட்கிறவர் இல்லாவிட்டால் பிடிப்பவரும் அதைக் கடலிலேயே விட்டுவிடுவார். ஓட்டுக்குள் இருக்கும் ஆரஞ்சுச் சினை வேறு, அதைச் சாப்பிடலாம்.

முரல் மீன் வாங்கினேன், முள் பச்சையா இருக்கு. கெட்டுப்போச்சா?

கெடவில்லை. முரல் வகைகளில் சிலவற்றுக்கு இயல்பிலேயே எலும்பு பச்சை நிறம். பித்தத்தில் இருக்கும் ஒரு பச்சை நிறமி எலும்பில் படிவதால் அப்படி. சமைத்தாலும் நிறம் போகாது, தைரியமாகச் சாப்பிடலாம். புதுசா என்று பார்க்க மேலே சொன்ன கண், உடல், வயிறு, வாடைதான் அளவு.

திருக்கை புதுசுன்னு சொன்னாங்க, ஆனா மூத்திர வாடை அடிக்குது.

சுறா, திருக்கை உடம்பில் யூரியா இயல்பாகவே அதிகம். மீன் செத்ததும் அது அமோனியாவாக மாறத் தொடங்கும். அதனால் இவற்றுக்கு மட்டும் வாடைச் சோதனையைக் கொஞ்சம் மாற்ற வேண்டும். லேசாக அடித்தால் மஞ்சளும் கல்லுப்பும் போட்டுத் தேய்த்து மூன்று முறை கழுவினால் போய்விடும். மூக்கைச் சுளிக்க வைத்தால் எவ்வளவு கழுவினாலும் போகாது, திருப்பிக் கொடுங்கள். திருக்கையின் தோலை உரிக்கக் கொதிநீரை ஊற்றிச் சுரண்ட வேண்டும். கடையிலேயே செய்யச் சொல்லுங்கள், வீட்டில் பெரும்பாடு.

ஏப்ரல், மே மாசம் வந்தா மீனே கிடைக்காதா?

கிடைக்கும். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் தடைக்காலம். அது விசைப்படகுகளுக்குத்தான், நாட்டுப்படகுகள் போகும். ஆகவே வகை குறையும், விலை ஏறும், ஆனால் கிடைப்பது கரையோர மீன். அந்த மாதங்களில் மேடையில் பெரிய மீன் குவிந்திருந்தால் எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். மேற்குக் கடற்கரையில் தடை ஜூன் 1-ல்தான் தொடங்கும், அதனால் கேரள மீன் ஐஸில் பயணம் செய்து இங்கே வரும்.

மதுரைக்குக் கொண்டு போகணும். கெடாம எப்படிப் போறது?

மீனும் ஐஸும் சம எடை. இரண்டு கிலோ மீனுக்கு இரண்டு கிலோ ஐஸ். பெரும்பாலானவர்கள் கால் பங்கு ஐஸ் போட்டுக்கொண்டு கிளம்பி, பரமக்குடி தாண்டியதும் வெந்நீரில் கிடக்கும் மீனைப் பார்க்கிறார்கள். குடலும் செவுளும் எடுத்த மீனாக இருக்கட்டும். தெர்மாகோல் பெட்டியில் அடியில் ஒரு படை நொறுக்கிய ஐஸ், மேலே மீன், மீண்டும் ஐஸ், மேலே மூடுவதும் ஐஸ். பெரிய மீனின் வயிற்றுக்குள்ளும் ஐஸ் திணியுங்கள். உருகிய தண்ணீர் வடிய அடியில் ஒரு துளை விட்டு, பெட்டியை ஒரு தட்டின் மேல் வையுங்கள். தண்ணீரில் ஊறிய மீனுக்குச் சுவை இறங்கிவிடும், சதையும் தளரும்.

மஞ்சளும் உப்பும் தடவிவிட்டால் ஐஸ் வேண்டாம் என்று சிலர் நினைக்கிறார்கள். அது குளிர்ச்சிக்கு ஈடாகாது. வீட்டுக்குப் போனதும் இரண்டு நாளுக்குள் சமைப்பதைக் குளிர்பெட்டியின் கீழ்த்தட்டிலும், மற்றதை ஒரு வேளைக்கு ஆகும் அளவில் பிரித்து உறைபெட்டியிலும் வையுங்கள். ஒருமுறை உருகியதைத் திரும்ப உறையவைக்காதீர்கள்.

மீன் கெடாம இருக்க பார்மலின் மருந்து போடுறாங்கன்னு பயமா இருக்கு. ஈ உக்காராத மீன் வேண்டாம்னு சொல்றாங்களே?

ஈயை நம்பாதீர்கள், நன்றாக ஐஸ் போட்ட மீனிலும் ஈ உட்காராது. காலையில் இறங்கி மதியத்துக்குள் தீரும் கடையில் மருந்து போட யாருக்கும் தேவை இருப்பதில்லை; தொலைதூரம் போகும் மீனில்தான் அந்தச் சந்தேகம் பொருந்தும். கொச்சியில் இருக்கும் மத்திய மீன்பிடித் தொழில்நுட்ப நிறுவனம் பார்மலினையும் அமோனியாவையும் கண்டறியத் தாள் சோதனை ஒன்றை உருவாக்கியிருக்கிறது. கண் மங்கி, செவுள் வெளுத்து, வாடையே இல்லாமல், உடல் மட்டும் ரப்பர் மாதிரி விறைத்திருக்கும் மீன் வேண்டாம்.

சூரை மீன் சாப்பிட்டதும் முகம் செவந்து அரிப்பு வந்துச்சு. அலர்ஜியா?

இருக்கலாம், ஆனால் மீன் வெயிலில் கிடந்ததும் காரணமாக இருக்கலாம். சூரை, கானாங்கெளுத்தி, சாளை ஆகியவற்றின் சதையில் ஐஸ் இல்லாமல் சில மணி நேரம் கிடந்தால் ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருள் உருவாகும். முகம் சிவப்பு, தலைவலி, அரிப்பு, படபடப்பு எல்லாம் சாப்பிட்டுச் சிறிது நேரத்தில் வரும். கொதிக்க வைத்தாலும் பொரித்தாலும் அது அழியாது, அதனால் “நல்லா வேகவெச்சாச்சு” என்பது இதற்குப் பாதுகாப்பில்லை. நாக்கில் மிளகு போலச் சுரீரென்றால் துப்பிவிடுங்கள். மூச்சுத் திணறினால் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். இந்த மூன்று மீனையும் ஐஸில் இருப்பதாகப் பார்த்து வாங்குங்கள்.

கலந்த கூறில் பலூன் போல வயிறு உப்பும் பேத்தை மீன் தப்பித்தவறி வந்தால் சமைக்கவே கூடாது. அதன் நஞ்சும் நெருப்பில் அழியாது.

கடல் அட்டை, சங்குன்னு யாராவது காட்டினா வாங்கலாமா?

கடல் அட்டை, கடல்குதிரை, உயிருள்ளதோ காய்ந்ததோ பவளம், ஆமை, ஆவுளியா என்ற கடல்பசு, ரம்பம் போல மூக்கு நீண்ட வேளா மீன் எல்லாம் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருபவை. கடல் அட்டை 2001 முதல் அந்தப் பட்டியலில் இருக்கிறது. வாங்கினாலும் வைத்திருந்தாலும் வழக்கு. பழைய கடைக்காரர்கள் இதில் தலையிடுவதில்லை. தெருவோரத்தில் யாராவது மெதுவாகக் காட்டினால் நடையைக் கட்டுங்கள். சங்கிலும் சில வகைகள் பட்டியலில் உண்டு, அடையாளம் தெரியாமல் வாங்க வேண்டாம்.

வாங்கின மீனை அங்கேயே பொரிச்சுத் தருவாங்களா?

சில கடைகளில் அடுப்பு உண்டு, இல்லாவிட்டால் பக்கத்து மெஸ்ஸில் கூலிக்குப் பொரித்துத் தருவார்கள். மதியக் கூட்டம் தொடங்கும் முன், பன்னிரண்டு மணிக்குள் கொடுங்கள். காரம் இங்கே தூக்கல், குழந்தைகளுக்கு என்றால் மசாலா தடவும் முன்பே சொல்லுங்கள். கணவாயை அதிக நேரம் விடாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். இரண்டு மூன்று நிமிடத்தில் எடுத்தால் மென்மை, தாண்டினால் ரப்பர்; பிறகு அரை மணி நேரம் வேகவைத்தால்தான் திரும்ப இளகும்.

ஓரா மீன் கழுவும்போது முள் குத்திருச்சு, கை வீங்குது. என்ன செய்ய?

ஓராவின் முதுகிலும் வயிற்றிலும் இருக்கும் முட்களில் நஞ்சு உண்டு. கெளுத்தியின் பக்கமுள், திருக்கையின் வால்முள் எல்லாம் இதே வகை. குத்திய இடத்தை, தோல் வேகாமல் பொறுக்கக்கூடிய சூட்டில் இருக்கும் வெந்நீரில் அரை மணி நேரம் முதல் ஒன்றரை மணி நேரம் வரை வையுங்கள், ஆற ஆற மாற்றுங்கள். சூட்டில் இந்த நஞ்சு வலுவிழக்கும், வலி குறையும். குத்தாத இன்னொரு கையால் சூட்டைப் பாருங்கள், வலியில் இருக்கும் கைக்குச் சூடு சரியாகத் தெரியாது. முள் உள்ளே ஒடிந்திருந்தாலோ, வலி மேலே ஏறினாலோ மருத்துவரிடம் போங்கள், டெட்டனஸ் ஊசியையும் கேளுங்கள். அடுத்த முறை வெட்டுகிற அக்காவிடம் முட்களைக் கத்தரித்த பிறகு பாத்திரத்தில் போடச் சொல்லுங்கள்.